கிணற்றடி வரை வை-ஃபை

எங்கள் வீடு தெருவாசலிலிருந்து கிணற்றடி வரை தொண்ணூறு அடிக்குச் சற்றுக் குறைவு. அகலம் இருபத்திரண்டு அடிதான். அம்மாவின் அப்பா கட்டியது. மரக்காணத்தில் இந்த மாதிரி வீடுகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. தெருத்திண்ணை, நடை, கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம், அதற்கப்புறம் ஓர் இருட்டறை, சமையல்கட்டு, பின்தாழ்வாரம், கிணறு. சுவர் ஒன்றரை அடி கனம், செங்கல்லும் சுண்ணாம்பும். கீழ்ப்பாகத்தில் உப்பு பூத்து, ஆண்டுக்கொரு முறை சுரண்டி வெள்ளையடிக்க வேண்டியிருக்கும். உப்பளத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இன்டர்நெட் கம்பி தெருவிலிருந்து வருகிறது. அதனால் பெட்டியும் கூடத்திலேயே மாட்டப்பட்டது. மகன் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பது முன்னறையில், பேரன் படிப்பது கூடத்தில், டிவி இருப்பதும் அங்கேதான். பின்கட்டில் இருப்பது நானும் என் மனைவியும். நம் ஊரில் எந்த வீட்டில் பார்த்தாலும் வயதானவர்களின் கட்டில் பின்னால்தான் கிடக்கும். உலகத்தையெல்லாம் சுற்றி வரும் நெட், முற்றத்தோடு நின்றுவிடும். மொபைல் டவரும் அங்கே ஒரு கோடு, அதுவும் காற்றடித்தால் இல்லை.

பல வருஷம் இது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. பேப்பர் படிக்க, பென்ஷன் வந்ததா என்று பார்க்க, கூடத்துக்குப் போய்விட்டு வந்தால் போயிற்று. அண்ணன் விஷயம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். 1962 ஆகஸ்ட் 16 அன்று பிரெஞ்சு இந்தியா சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது, எழுதிக் கொடுத்தார். பட்டாளத்தில் சேர்ந்து, பிறகு பாரீசுக்குப் பக்கத்தில் ஒரு புறநகரில் தங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் சொல்வதுபோல, அவர் ஒரு சொல்தா. நான் இந்தியனாகவே இருந்து புதுச்சேரியில் குமாஸ்தா ஆனேன். படித்தது பிரெஞ்சு மீடியம், ஆபீசில் நோட் எழுதியது இங்கிலீஷ். முப்பத்தைந்து வருஷத்தில் என் பிரெஞ்சு பயன்பட்டதெல்லாம், யாராவது பழைய கிரயப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் படித்துச் சொல்ல மட்டும்தான்.

அண்ணி இறந்த பிறகு அண்ணனுக்கு ஞாபகம் தடுமாற ஆரம்பித்தது. இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பிள்ளைகள் வாரம் தவறாமல் போய்ப் பார்க்கிறார்கள், ஆனால் அவர்களுக்குத் தமிழ் பேச வராது. அண்ணனிடமிருந்து பிரெஞ்சு போய்விட்டது. அறுபது வருஷம் பேசிய பாஷை, பெயிண்ட் உதிர்கிற மாதிரி உதிர்ந்து, அடியில் இருந்த தமிழ் மட்டும் நிற்கிறது. அதுவும் மரக்காணத்துத் தமிழ், சின்னப் பையன் பேசுகிற தமிழ். அவர் என்ன கேட்கிறார் என்று அங்கே யாருக்கும் புரிவதில்லை. அதனால் அங்குள்ள பணிப்பெண் ஒருவர் வீடியோ காலில் என்னைக் கூப்பிட்டு, "கெஸ் கில் தி, முஸ்யே?" என்று கேட்பது வழக்கமாயிற்று. 'இவர் என்ன சொல்கிறார், ஐயா?' என்று அர்த்தம். தூங்கிக் கிடந்த என் பிரெஞ்சுக்கு எழுபது வயதுக்கு மேல் ஒரு உத்தியோகம் கிடைத்தது.

போன கோடையில் அண்ணன் தண்ணீர் குடிக்க மறுத்தார். டம்ளரைத் தள்ளிவிடுகிறார், காரணம் தெரியவில்லை, வெயிலும் கடுமையாக இருக்கிறது, இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுகோஸ் ஏற்ற வேண்டியிருக்கும் என்று அந்தப் பெண் கவலைப்பட்டார். போனை அண்ணனிடம் காட்டச் சொன்னேன். "தண்ணி கரிக்குதுடா. கெணத்துத் தண்ணி. அம்மா வேணாம்னுச்சு" என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் கிணற்று நீர் உப்பு. குளிக்க, பாத்திரம் கழுவ மட்டும்தான். குடிக்கிற தண்ணீரை அம்மா தூரத்திலிருந்து தவலையில் கொண்டுவந்து சமையல்கட்டு மூலையில் மூடி வைத்திருப்பார். பிள்ளைகள் கிணற்று நீரைக் குடித்தால் அடி விழும். அண்ணன் இப்போது இருப்பது அந்த வீட்டில், அந்த வயதில். பணிப்பெண் கொடுப்பது கிணற்றுத் தண்ணீர் என்று நினைக்கிறார்.

தவலை இன்னும் அதே மூலையில் இருக்கிறது. அதைக் காட்டலாம் என்று போனோடு எழுந்து நடந்தேன். முற்றத்தைத் தாண்டியதும் படம் உறைந்தது. அண்ணன் முகம் பாதி வாய் திறந்தபடி நின்றது. அந்தப் பக்கம் என் முகமும் அப்படி நின்றிருக்க வேண்டும். "தம்பிக்கு என்னா ஆச்சு, தம்பிக்கு என்னா ஆச்சு" என்று அவர் அலறியதாகப் பிறகு தெரிந்தது. கூடத்தில் உட்கார்ந்து வாயால் எவ்வளவு சொன்னாலும் அவர் நம்பவில்லை. அங்கே மாலைச் சிற்றுண்டி நான்கு மணிக்கு. இங்கே அப்போது இரவு ஏழரை, கூடத்தில் சீரியல் ஓடுகிற நேரம். அவருக்குத் தெரிந்த வீடு பின்கட்டுதான், புதிதாக டைல்ஸ் போட்ட கூடம் இல்லை.

அந்த வாரமே பின்கட்டுக்கு நெட் வர வேண்டும் என்று மகனிடம் சொன்னேன்.

நெட் போட்ட கம்பெனியின் ஆள் வந்து, எக்ஸ்டெண்டர் என்று சுவர் பிளக்கில் செருகும் ஒரு சின்னப் பொருளைக் கொடுத்தார். கோடு மூன்று காட்டியது, படம் மட்டும் ஓடவில்லை. காரணம் எளிது. அந்த வகைப் பொருள்களில் பலவும் ஒரே வாயால் கேட்டு அதே வாயால் திருப்பிச் சொல்பவை. கேட்கும்போது சொல்ல முடியாது, சொல்லும்போது கேட்க முடியாது, வேகம் பாதியாகிவிடும். எங்கள் வீட்டில் வேறொரு தொல்லை. அது தனிப் பெயரில் இன்னொரு வை-ஃபையாக வந்தது. நடந்துகொண்டே பேசினால் போன் பழைய பெயரை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டு தொங்கும், கடைசியில் அறுந்து போகும். மேலும் அதைச் சிக்னலே இல்லாத இருட்டறையில் செருகியிருந்தார்கள். தனக்கே காது கேட்காதவன் அடுத்தவனுக்கு என்ன சொல்லுவான்?

திண்டிவனத்தில் வேலை பார்க்கும் என் மனைவியின் தங்கை மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "பெரியப்பா, இதுக்கு மெஷ் போடணும்" என்றான். மூன்று பெட்டிகள் கொண்ட செட். ஒன்று கூடத்தில் நெட் கம்பியோடு இணைந்திருக்கும். மற்ற இரண்டும் கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. நாம் நடக்க நடக்க, போன் பக்கத்துப் பெட்டிக்கு மாறிக்கொள்ளும், அதற்குப் பெட்டிகளும் உதவி செய்யும். அவன் வாங்கிவந்த செட்டில் பெட்டிகள் தங்களுக்குள் பேசுவதற்கென்று தனி ரேடியோ இருந்தது. அது இருந்தால் வேகம் அவ்வளவாகக் குறையாது.

நம் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், உப்பளத்தில் கழிமுகத்து நீரைப் பாத்திக்குப் பாத்தி மடை திறந்து விடுகிறோமே, அதுபோலத்தான். முதல் பாத்தியிலிருந்து கடைசிப் பாத்திக்கு யாரும் குடத்தில் சுமப்பதில்லை.

இந்த யோசனை புதிதல்ல. 2000-க்குப் பிறகான முதல் சில வருஷங்களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் கேம்பிரிட்ஜ் நகரத்து வீட்டுக் கூரைகளில் ஆன்டெனா வைத்து, ஒரு வீடு அடுத்த வீட்டுக்குக் கைமாற்றிவிடும்படி ரூஃப்நெட் என்ற வலையைக் கட்டினார்கள். வீட்டுக்குள் வைக்கும் மெஷ் பெட்டிகள் 2016 வாக்கில்தான் கடைகளில் பரவலாக வந்தன. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005 ஜனவரியில் அரசிதழில் அனுமதி வந்தது. 5 கிகாஹெர்ட்ஸில் தாராளமாக இடம் விட்டது 2018 அக்டோபரில். (ரேடியோ பெட்டிக்கே தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய தலைமுறை நாம். அரசிதழ் பார்க்கும் புத்தி எனக்கு இன்னும் போகவில்லை.) முதலாவது சுவரைக் கொஞ்சம் ஊடுருவும், வேகம் குறைவு. இரண்டாவது வேகம் அதிகம், கனமான சுவர் என்றால் படுத்துவிடும். ஈரமேறிய சுவர், ஸ்டீல் பீரோ, தண்ணீர்த் தொட்டி மூன்றும் இரண்டுக்குமே எதிரி. எங்கள் வீட்டில் மூன்றும் உண்டு.

அவன் பெட்டியைப் பிரிக்கும்போது எனக்கு வில்லியனூர் ஞாபகம் வந்தது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் வைத்து, சுற்றியுள்ள கிராமங்களை ரேடியோவால் இணைத்தது. அந்தக் கிராமங்களில் டெலிபோன் லைனை நம்ப முடியாது, கரண்டையும் நம்ப முடியாது என்பதால் சூரிய சக்தியும் வைத்திருந்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து கடல் அலையின் உயரம் பற்றிய தகவலை இறக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அது ஒலிபெருக்கியில் தமிழில் ஒலிக்கும். கட்டுமரம் தள்ளப் போகிறவர் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார மாட்டார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாஷிங்டனிலிருந்து வில்லியனூர் வரை வருவது பெரிய காரியம் அல்ல, மையத்திலிருந்து மணல்வெளி வரை போவதுதான் காரியம்.

2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் டிவி செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் தகவல் மையத்தின் கதவை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். போன் வந்தது ஒரு வீட்டுக்கு, அதை ஊர் முழுக்கக் கொண்டு சேர்த்தது அந்தக் குழாய்.

எங்கள் வீட்டு வேலைக்குத் திரும்புகிறேன். சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்கலாம் என்பது முதல் யோசனை. அதுதான் மிக உறுதியான வழி என்று பையனே சொன்னான். ஆனால் சுண்ணாம்புச் சுவரில் டிரில் வைத்தால் ஓட்டை போட்ட இடத்தோடு நிற்காது, பொலபொலவென்று கொட்டும். பிறகு அவன் முற்றத்தைப் பார்த்தான். முற்றத்தில் சுவர் ஏது? இரண்டாவது பெட்டியை முற்றத்துத் தாழ்வாரத்தில், மழைச்சாரல் படாத தூணருகே, கூடத்து வாசல் நேராகத் தெரியும்படி அலமாரி மேல் வைத்தான். மூன்றாவது சமையல்கட்டில், இரண்டாவதிலிருந்து ஒரே ஒரு சுவர் தள்ளி. சிக்னல் செத்த இடத்தில் வைக்கக் கூடாது, பாதி உயிர் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்பது அவன் சொன்ன சூத்திரம். வழியில் நின்ற பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். வெளிச்சமும் காற்றும் வரட்டும் என்று தாத்தா விட்ட முற்றம், வை-ஃபைக்கும் வழி விட்டது.

கம்பெனி கொடுத்த பெட்டி, நம் மெஷ் பெட்டி இரண்டுமே ரூட்டர் வேலை செய்தால் சில செயலிகள் மக்கர் செய்யும் என்று, பழையதைப் பிரிட்ஜ் என்ற முறையில் மாற்றி வைத்தான். பழையதன் வை-ஃபையையும் அணைத்துவிட்டான். இதையெல்லாம் நீங்களே செய்யப் போகாதீர்கள், விஷயம் தெரிந்த பிள்ளை ஒன்றைப் பிடியுங்கள்.

மறுநாள் ஏழரை மணிக்கு நானே கூப்பிட்டேன். பணிப்பெண் டேப்லட்டை அண்ணன் முன்னால் நிறுத்தினார். தெருவாசலில் தொடங்கி நடந்தேன். கூடம், முற்றம், இருட்டறை. இருட்டறை நடுவில் ஒரு நொடி படம் கட்டம் கட்டமாக உடைந்து மறுபடி சேர்ந்தது. பின்தாழ்வாரத்து விளக்கைப் போட்டுக் கிணற்றைக் காட்டினேன்.

"கெணறு" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணா. இது உப்பு. யாரும் குடிக்கிறதில்ல." சமையல்கட்டுக்கு வந்து தவலையைக் காட்டினேன். "இது நல்ல தண்ணி. அம்மா எடுத்தாந்தது." என் மனைவி சொம்பில் மொண்டு கொடுத்தாள். கேமரா முன்னால் நான் அண்ணாந்து குடித்தேன். "உன் கையில இருக்கிறதும் இந்தத் தண்ணிதான். குடிண்ணா."

பணிப்பெண், "கெஸ் கில் தி?" என்றார். அது 'ஓ தூஸ்' என்று சொல்லிக் கொடுங்கள் என்றேன். பிரெஞ்சுக்காரர்களும் நல்ல தண்ணீரை இனிப்பான தண்ணீர் என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அது வரவில்லை. "நல்ல தண்ணி" என்பதையே நான்கைந்து முறை கேட்டு, 'நல்லா தானீ' என்று சொல்லி டம்ளரை நீட்டினார். அண்ணன் என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், குடித்தார். முழுவதும் குடித்தார் என்று சொல்ல முடியாது. பாதி.

அன்று முதல் இது தினசரி வேலை. சில நாள் என்னை யாரென்று தெரியாது, கிணறு மட்டும் தெரியும். சில நாள் அம்மாவைக் கூப்பிடச் சொல்வார். அம்மா தண்ணிக்குப் போயிருக்கிறார் என்பேன். அப்படியே விட்டுவிடுவார்.

இதே மாதிரி செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். நம் உப்புக் காற்றில் அடாப்டர் பின்னும் கம்பி முனையும் பச்சை பிடிக்கும். மாதம் ஒரு முறை கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள், பெட்டியை வெளித் திண்ணையில் வைக்காதீர்கள். இரண்டாவது, கரண்ட். மூன்று பெட்டியில் ஒன்று அணைந்தாலும் அதற்குப் பின்னால் இருப்பது இருட்டு. கம்பெனிப் பெட்டி உட்பட ஒவ்வொன்றுக்கும் ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்திருக்கிறேன். 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரிக்கு வடக்கே கரையேறிய இரவை நாம் மறக்கவில்லை. அந்த மாதிரி நாளில் இதெல்லாம் சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும், அது வேறு விஷயம். அண்ணனிடம் அப்போது என்ன சொல்வது என்று பணிப்பெண்ணுக்கு ஒரு தாளில் பிரெஞ்சு எழுத்தில் தமிழ் எழுதி அனுப்பியிருக்கிறேன்: 'தம்பி தண்ணி எடுக்கப் போயிருக்கு, வந்துடும்.'

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். அன்று முதல் அவர்களுடைய நான்கு மணி நமக்கு எட்டரை. சீரியல் முடிந்து கூடமே காலியாக இருக்கும், ஆனாலும் நான் சமையல்கட்டில்தான் உட்காருவேன்.