எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது?

உத்தியோக நிமித்தம் ஊரை விட்டு வந்தவர்கள் வீட்டில் இரண்டு பொருள்கள் தவறாமல் இருக்கும். ஒன்று, ஊரிலிருந்து உடன் வந்த தகரப் பெட்டி, மற்றொன்று, பாட்டு. 1979-ஆம் ஆண்டு நான் டில்லிக்கு வந்தபோது என் தகரப் பெட்டியில் இரண்டு வேட்டிகளும் ஆறு ஒலிநாடாக்களும் இருந்தன. வேட்டிகள் கிழிந்து போயின. ஒலிநாடாக்களோ பெருகின. அவற்றுக்குப் பின் குறுந்தகடுகள் வந்தன. ஓய்வு பெற்ற பிறகு இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து அனைத்தையும் கணினியில் ஏற்றினேன். மொத்தம் 11,000 பதிவுகள்; 90 ஜி.பி. அளவு. அரியக்குடியும் செம்மங்குடியும் ஜி.என்.பி.யும் என் மேசையடியில் ஒரு சிறு பெட்டிக்குள் அமர்ந்திருக்கிறார்கள் என்ற எண்ணமே எனக்குப் பெருமிதம் தந்தது.

தந்தையார் காலமான பின் என் அன்னையார் மாயவரத்தை விட்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். வயது 84. அயல்மொழியும் குளிரும் அவரை அறைக்குள்ளேயே முடக்கிவிட்டன. கைப்பேசியில் பாட்டுக் கேட்கச் சொல்லிக் கொடுத்தோம். விரல் சிறிது தவறினாலும் திரை எங்கோ ஓடிவிடும். நடுவே யாரோ அழைப்பார்கள். அவருக்கு அது ஒத்து வரவில்லை.

அப்போதுதான் என் மகன் கல்லூரி நாளில் வைத்திருந்த பழைய ஐபாட் நானோ நினைவுக்கு வந்தது. 2005-இல் வெளிவந்த வகை; கொள்ளளவு 4 ஜி.பி. ஐபாட் என்னும் கருவி 2001-இல் பிறந்து, 2022-இல் உற்பத்தி நின்றுபோன ஒன்று. ஆயினும் அதில் விரலால் சுழற்ற ஒரு வட்டமும், நடுவில் ஒரு பொத்தானுமே உண்டு. இணையம் இல்லை, அழைப்பு இல்லை. அன்னையார் ஒரே நாளில் பழகிக்கொண்டார்.

இனி என் சங்கடத்தைக் கேளுங்கள். 90 ஜி.பி. கடலை 4 ஜி.பி. செம்புக்குள் எப்படி அடைப்பது? ஐடியூன்ஸ் என்னும் மென்பொருள், நூலகம் முழுவதையும் அனுப்பவும் செய்யும். நாம் குறியிட்ட பட்டியல்களை மட்டும் அனுப்பவும் செய்யும். அனுப்பும்போதே பாட்டை 128 கே.பி.பி.எஸ். தரத்துக்குச் சுருக்கும் வசதியும் உண்டு. அந்தத் தரத்தில் ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 1 எம்.பி. போதும். அவ்வாறு கணக்கிட்டால் 60 மணி நேரத்துக்கு மேல் இசை கொள்ளும். காது மந்தமான முதியவருக்குத் தரக்குறைவு தெரியவா போகிறது?

ஆகவே ‘அம்மா’ என்று ஒரு பட்டியல் அமைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பெயர்தான் அம்மாவினுடையது, தேர்வு என்னுடையது. ஒரு மணி நேர ராகம் தானம் பல்லவிகளும் அபூர்வக் கச்சேரிகளும் அதில் நிறைந்தன. வீட்டில் பதிவான சில துண்டுகளும் எப்படியோ கூடவே சென்றன.

மார்கழி பிறந்தது. மேலும் சில கச்சேரிகளைச் சேர்க்க விரும்பினேன்; இடம் போதவில்லை. பட்டியலைத் துழாவி, இரைச்சல் மிகுந்தவற்றை நீக்கினேன். கணினியில் பட்டியலிலிருந்து எதை எடுத்தாலும், அடுத்த முறை இணைக்கும்போது அது கருவியிலிருந்தும் மறைந்துவிடும். அவ்வாறே மறைந்தது.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன். கருவி அலமாரியில் கிடந்தது. அன்னையார் சன்னலைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்.

“ஏம்மா, பாட்டுக் கேக்கலையா?”

“பெட்டி காலியாப் போச்சுப்பா.”

பழுதோ என்று அஞ்சிக் கணினியில் இணைத்தேன். ஏறத்தாழ 480 பாடல்கள் அப்படியே இருந்தன. மின்னூட்டமும் நிறைவாக இருந்தது. அம்மாவுக்கு நினைவு தடுமாறுகிறதோ என்று மனம் கலங்கியது.

அந்த மென்பொருளில் ஒரு வழக்கம் உண்டு. கருவியில் எந்தப் பாட்டை எத்தனை முறை இறுதிவரை கேட்டோம் என்னும் எண்ணிக்கை, ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் கணினிக்கு வந்து சேரும். அதுவரை அந்தப் பத்தியை நான் பார்த்ததேயில்லை. அன்று பார்த்தேன். நான் பொறுக்கி வைத்த மகா வித்துவான்களுக்கு நேரே 2, 1, 0. முழு நூலகத்தையும் அந்த எண்ணிக்கையின்படி வரிசைப்படுத்தினேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பதிவு நின்றது: 71.

அது பாட்டன்று. 1986-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்த ஓர் அன்பர் கையில் என் தந்தையார் கொடுத்தனுப்பிய ஒலிநாடாக் கடிதம். தொலைபேசி அரிதாயிருந்த அந்நாளில் நம்மில் பலர் வீட்டில் அத்தகைய கடிதங்கள் வந்ததுண்டு. ஏழு நிமிடம் மழையைப் பற்றியும் தேங்காய் விளைச்சலைப் பற்றியும் பேசுகிறார். முடிவில் சுருதி சேராமல் ஏதோ முணுமுணுக்கிறார். பின்னால் ஒரே இரைச்சல். இரைச்சல் என்று நான் களைந்தவற்றுள் அதுவும் ஒன்று!

மூலப் பதிவு கணினியில் பத்திரமாக இருந்தது, தெய்வாதீனம். மறுபடி பட்டியலில் சேர்த்து, கருவியில் ஏற்றி, அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வாசற்படியில் நின்றேன். ஏழு நிமிடம் கழிந்தது. செவியிலிருந்து குமிழை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“உங்கப்பா தேங்காக் கணக்கை இன்னும் தப்பாத்தான் சொல்றாரு.”

அன்றே 90 ஜி.பி. முழுவதையும் வேறொரு வட்டில் நகலெடுத்தேன். ‘அம்மா’ பட்டியலை அம்மாவைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு புதிதாக அமைத்தேன். பல்லவிகள் பல வெளியேறின. பேரன் ஐந்து வயதில் திக்கித் திக்கிப் பாடிய கீதம் உள்ளே வந்தது. 4 ஜி.பி.யில் இப்போது சிறிது இடம் மிச்சமும் இருக்கிறது.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் அத்தகைய ஒலிநாடா ஒன்று கிடக்கலாம். நாடா என்றும் இருப்பதன்று. பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும். இந்த ஞாயிற்றுக்கிழமையே அதை இறக்கிப் பாருங்கள்.