பூட்டிய வீடு

"ஜப்பானில் ஒரு பண்ணை வீடு விலைக்கு வருகிறது. வாங்கலாமா, அப்பா?" என்று கேட்டு நம் மூத்த குமாரன் சென்ற மாதம் எழுதியிருந்தான். கூடவே பத்துப் பன்னிரண்டு படங்களும் வந்தன. மலையடிவாரம், சுற்றிலும் பச்சை நெல் வயல், நடுவில் நூறு வயதைக் கடந்த மர வீடு. கூடத்தின் நடுவே தரையில் ஓர் அடுப்புக் குழி. உத்தரங்கள் ஒவ்வொன்றும் தேர் அச்சுப் போலக் கனமாக இருந்தன. விலையோ, கோயம்புத்தூரில் ஒரு சிறிய அடுக்ககத்தின் விலையில் பாதிகூட இல்லை! நேயர்களே, நாமும் மனிதர்தாமே? ஒரு கணம் நமக்கும் நாவில் நீர் ஊறிற்று.

கடைசி வரியைப் படித்ததும் அந்த நீர் வற்றிவிட்டது. "சோமனூர்த் தோட்டத்தை விற்றால் பணத்துக்குக் கஷ்டமில்லை. அங்கேதான் யாரும் இல்லையே!" என்று எழுதியிருந்தான்.

நம் தகப்பனார் வைத்துவிட்டுப் போன தோட்டம் நான்கு ஏக்கர். அதில் ஒரு தொட்டிக்கட்டு வீடு. முன்னால் ஆசாரம், பக்கத்தில் கட்டுத்தரை, அப்பால் கவலை இறைத்த கிணறு. பருத்தி விளைந்த பூமி. மழை பொய்த்துக் கிணறும் வற்றியபோது, ஊரில் பலரைப் போல நாமும் விசைத்தறிக்கு வந்தோம். வியாபாரிகள் கொடுக்கும் பாவு நூலையும் ஊடை நூலையும் வாங்கிக் கூலிக்கு நெய்துதான் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் குடியேறி இருபது வருஷமாகிறது.

பிள்ளையின் யோசனையை உடனே தள்ளிவிட மனமில்லை, விவரம் விசாரித்தோம். பணம் அனுப்புவதில் தடை இல்லை. 2004-இல் ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய திட்டத்தின்படி ஒருவர் வருஷத்துக்கு 25,000 டாலர் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்றிருந்தது. இப்போது 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். அதில் அங்கே வீடும் வாங்கலாம். ஜப்பானும் அந்நியருக்கு வீடு விற்க மறுப்பதில்லை. ஆனால் வயல் வேறு விஷயம். 1952-ஆம் வருஷத்து விவசாய நிலச் சட்டப்படி, வாங்குகிறவர் உண்மையிலே பயிர் செய்வார் என்று உள்ளூர் விவசாயக் குழுவுக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். நகரத்து அலுவலகத்தில் நாள் முழுதும் வேலை பார்க்கும் நம் பிள்ளைக்கு அது எப்படிக் கிடைக்கும்? படத்தில் நம்மை மயக்கிய பச்சை வயல் போய்விட்டது, வீடுதான் மிச்சம்.

விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் நம் தேசத்தில் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். தனி அனுமதியின்றி விவசாய நிலமோ பண்ணை வீடோ வாங்க இயலாது. வாரிசாகப் பெறலாம், அவ்வளவே. ஆகவே இன்று நாம் தோட்டத்தை விற்றுவிட்டால், நாளைக்கு அவன் மனம் மாறிக் கை நிறையப் பணத்தோடு வந்து நின்றாலும், அங்கே வசிக்கும் வரையில் பாட்டன் பூமியைத் திரும்ப வாங்க முடியாது!

கடல் கடந்த பூமி தமிழருக்குப் புதிதல்ல. பர்மாவில் வட்டிக் கடை வைத்திருந்த செட்டிநாட்டார் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் அல்லர். 1930-ஐ ஒட்டி நெல் விலை விழுந்தது. குடியானவர்களால் கடனை அடைக்க முடியவில்லை. ஈடு வைத்த நிலம் இவர்கள் தலையில் விழுந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930-இல் சுமார் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம், 1938-இல் சுமார் 25 சதவீதமாயிற்று. 1942-இல் யுத்தம் வந்தது. திரளான இந்தியர் கால்நடையாகவே ஊர் திரும்பினர். சுதந்திர பர்மா 1948-இல் நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் செய்தது. பத்திரங்கள் காரைக்குடிப் பெட்டிகளில் பத்திரமாக இருந்தன; பூமி அதை உழுதவன் தேசத்தோடு இருந்துவிட்டது.

இவ்வளவையும் பிள்ளைக்கு எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தோம். அதற்கு முன் தோட்டத்தை ஒரு தரம் பார்த்து வருவோம் என்று தோன்றிற்று. வழியில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், "ஏனுங்க, தோட்டத்துப் பக்கம் வந்து எத்தனை நாளாச்சுங்க?" என்றார். நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. சாவியைப் போட்டுத் திருகினோம், பூட்டு அசையவில்லை. துருவேறிக் கிடந்தது. கல்லால் தட்டித்தான் திறந்தோம். ஆசாரத்துத் தூணில் கறையான். சரிந்த ஓடுகளின் வழியே வெயில் விழுந்துகொண்டிருந்தது.

ஜப்பானில் 2023-இல் எடுத்த கணக்கின்படி சுமார் 90 லட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடக்கின்றன. ஏறக்குறைய ஏழில் ஒன்று. கிராமத்தை விட்டுப் பிள்ளைகள் நகரத்துக்குப் போனதும் அதற்கு ஒரு காரணம். நம் பிள்ளை கண்ட வீட்டையும் நம்மைப் போன்ற ஒரு தகப்பன்தான் விற்கிறானோ, என்னவோ! சோமனூர்த் தோட்டத்தில் யாரும் இல்லை என்று பிள்ளை எழுதியதில் தப்பில்லை. இரண்டு மைல் தூரத்தில் இருந்துகொண்டு பூட்டிப் போட்டவர்கள் நாம் அல்லவா?

ஆகவே பர்மாக் கதையைச் சுருக்கி எழுதினோம். "தோட்டத்தை விற்கப் போவதில்லை. ஜப்பான் வீடுதான் வேண்டுமானால் உன் சம்பாத்தியத்தில் வாங்கிக்கொள், கண்ணு. அதற்கு முன் அந்த ஊரில் ஒரு பனிக்காலம் வாடகைக்கு இருந்து பார். இங்கே ஓடு மாற்ற ஆள் சொல்லியிருக்கிறோம்" என்று முடித்தோம்.

நேற்றுப் பதில் வந்தது. வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. "கிணற்றில் இப்போது தண்ணீர் இருக்கிறதா, அப்பா?" என்று மட்டும் கேட்டிருந்தான்.

இன்று காலையில் போய் எட்டிப் பார்த்தோம். அடியில் கொஞ்சம் இருக்கிறது.