பொய் லெட்டரும் ஒரு வாத்தியாரும்!

'வயித்து வலி'னு லீவ் லெட்டர் எழுதாத கை உண்டா பாஸ்? அந்தப் பொய்யை ரசிச்ச ஒரு வாத்தியாரை ஹாஸ்டலில் படிச்சேன். ஃபிராங்க் மெக்கோர்ட் 2005-ல் எழுதின 'டீச்சர் மேன்'.

1958-ல் நியூயார்க்கில் ஒரு தொழிற்கல்விப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். கட்டுரைன்னா முழிக்கிற பசங்க, அம்மா பேரில் எழுதுற பொய் லெட்டர்களில் மட்டும் பின்னியெடுத்தாங்க. மனுஷன் திட்டலை. ஆதாம் கடவுளுக்கு எழுதும் மன்னிப்பு லெட்டரை எழுதச் சொல்லி, அதையே பாடமாக்கினார்!

சுமார் 30 வருஷம் பாடம் நடத்தி, வேலையை விட்ட பிறகுதான் முதல் புத்தகம். 1996-ல் அது வந்தப்போ வயசு 66. அடுத்த வருஷமே புலிட்சர் பரிசு.

படிச்சு முடிச்சதும் ஒரே ஏக்கம்... ரெக்கார்டு நோட்டைப் புரட்டிக் கையெழுத்துப் போடுறவங்க, ஒருநாளாவது நாங்களா எழுதினதைக் கேட்டு வாங்கிப் படிப்பாங்களா?