100 கிராம் உயிர்

மும்பை மாதுங்காவில், ஜூலை மழைக்கு மாடிப்படியடியில் ஒண்டிய சினைப்பூனையை வீட்டுக்குள் விட்டார் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. மூன்றாம் நாள் நள்ளிரவு நான்கு குட்டிகள். கடைக்குட்டி 100 கிராம்கூட இல்லை. தாய் அதை ஒதுக்கிவிட்டது, தொட்டால் சில்லென்றிருந்தது.

பதறிப்போய்ப் பசும்பாலை எடுத்தவரை போனில் தடுத்தார் கால்நடை மருத்துவர். "முதலில் சூடு, அப்புறம்தான் பால். குளிர்ந்த உடம்பில் செரிக்காது. பசும்பால் கொடுத்தால் பேதியாகும்."

துணி சுற்றிய வெந்நீர் பாட்டில், குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பவுடர், இரண்டு மணிக்கொரு முறை இங்க் ஃபில்லர். ஊட்டியபின் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால்தான் சிறுநீர் பிரியும். தாயின் நாக்கு செய்யும் வேலை அது.

சமையல் தராசில் தினம் 10 கிராம் ஏறியது. ஐந்தாம் நாள் ஏறவில்லை. ஆறாம் நாள் விடியலில் அசைவும் இல்லை.

மற்ற மூன்றும் பத்தாம் நாளுக்குள் கண் திறந்தன. பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை ஆபரேஷன். இன்னொரு கடைக்குட்டியைத் தராசில் வைக்க அவருக்குத் தெம்பில்லை.