எஞ்சிய விநாடிகள்

தொண்டு நிறுவனங்கள் வானொலியிலும் பத்திரிகையிலும் இலவச விளம்பரம் பெறுவது எப்படி என்று சமூக சேவையில் ஈடுபட்டுள்ள நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பத்திரிகைத் துறையில் நீண்டகாலம் இருந்தவன் என்ற வகையில் நான் கண்டதைக் கூறுகிறேன்.

வானொலி நேரம் அழுகும் பண்டம் போன்றது. இன்று விலைபோகாத 30 விநாடிகளை நாளை விற்க முடியாது. பத்திரிகையிலும் அச்சுக்குப் போகும் வேளையில் எஞ்சும் மூலைக்கு விலையில்லை. தொண்டுக்கு வழங்கப்படும் இலவசம் பெரும்பாலும் இந்த எச்சமே. எனவேதான் இரத்ததான முகாம் பற்றிய அறிவித்தல், கேட்போர் குறைந்த பின்னிரவில் ஒலிக்க நேர்கிறது.

அடுத்த வழி அனுசரணை. வர்த்தகர் ஒருவர் கட்டணத்தைச் செலுத்துவார். இறுதியில் அவரது பெயர் ஒலிக்கும். அதில் தவறில்லை. ஆனால் வர்த்தகர் விரும்புவது புன்னகைக்கும் குழந்தையின் படத்தை. மனநோயாளர் இல்லத்துக்கோ மதுவுக்கு அடிமையானோரின் மறுவாழ்வுக்கோ அனுசரணையாளர் கிடைப்பது அரிது.

மூன்றாவது, பேரிடர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர் நமது ஊடகங்கள் நேரத்தையும் பக்கங்களையும் தாராளமாக வழங்கின. ஆனால், ஓசையின்றி வரும் சிறுநீரக நோய்க்கு அத்தகைய தாராளம் கிட்டுவதில்லை.

பி.பி.சி. வானொலி 1926 முதல் வாராந்தம் ஒரு தொண்டுப் பணிக்கெனக் குறித்த நேரத்தை ஒதுக்கி வந்துள்ளது. விண்ணப்பங்களை ஆராய்ந்து ஆலோசனை கூற அங்கே ஒரு குழு உண்டு. இங்கோ, விளம்பர முகாமையாளரை அறிந்தவரே முந்திக்கொள்கிறார். கொழும்பில் அலுவலகமும் ஒலிப்பதிவு வசதியும் உள்ள நிறுவனத்துக்குக் கதவு திறக்கும். வன்னிக் கிராமமொன்றில் விதவைகள் நடத்தும் சங்கத்தின் கடிதம் மேசையிலேயே கிடக்கும்.

ஆகையால் சிறிய சங்கங்களுக்கு என் ஆலோசனை: 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருப்பின் அதன் பிரதியை இணையுங்கள். 30 விநாடிகளில் வாசிக்கக்கூடிய வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். ஒரு தேவையை மட்டும் கூறுங்கள்.

ஊடக உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வாரத்தில் ஒரு முறையாவது, மாலைச் செய்திக்கு முன்னுள்ள 30 விநாடிகளை ஒதுக்கித் தாருங்கள். அந்த நேரத்துக்கு விலை உண்டு என்பதை அறிவேன். மிச்சத்தைக் கொடுப்பது கொடை ஆகாது.