கப்பலும் வலையும்



2023 ஒக்டோபர் 14, நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்த நாள். எனக்கு உம்மம்மாவின் ஞாபகம்தான் வந்தது. நாகூருக்கு ஒருக்கா கப்பலில் போகவேணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். 1990 ஒக்டோபரில் எங்களோடு ஊரைவிட்டு வெளியேறி, புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார்.

அந்தச் சந்தோசத்தோடு திங்கட்கிழமை வகுப்பில் இந்தியாவைப் பற்றிச் சொன்னேன். 2022 நெருக்கடியில் தந்த சுமார் 400 கோடி டொலர் உதவி, யாழ்ப்பாணத்தில் கட்டித்தந்த கலாசார நிலையம், பலாலி–சென்னை விமானம்.

பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழும்பினான். தகப்பன் கடற்றொழிலாளி.

"சேர், எங்கட வலையை அறுத்துக்கொண்டு போற ரோலரும் அங்கயிருந்துதானே வருகுது?"

ஒப்பந்தங்களைச் சொன்னேன். 1974இல் கச்சதீவு எங்கள் பக்கம் வந்தது. ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பதில்லை என்று 1976இல் இணங்கினார்கள். கடலடியை வாரும் இழுவைமடியை 2017இல் எங்கள் சட்டமும் தடைசெய்தது.

"அப்ப ஏன் சேர் இன்னும் வருகினம்?"

பதில் வரவில்லை. பிடிபட்டுச் சிறைக்குப் போகிறவர்களில் கூலிக்கு வந்த ஏழைகளும் உண்டு. அவர்களும் தமிழர்தான். ஆனால் ஒரே நாளில் பிழைப்பை இழப்பது என்னவென்று எங்கள் சமூகத்துக்குத் தெரியும். அவனைச் சமாளித்து அனுப்ப மனம் வரவில்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் நாகூர் போகிறேன். நீங்களும் போனால், ஸியாரத் முடித்து அங்குள்ள கடற்கரைக்கும் போங்கள். அறுந்த வலையின் கதையைச் சொல்லுங்கள்.