நெளுக்குளத்து எள்ளுப்பாகு

அசர்பைஜான் மக்கள் திராட்சை இலைக்குள் இறைச்சியும் அரிசியும் பொதிந்து அவிக்கும் டொல்மாவை, யுனெஸ்கோ 2017 இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முந்திய ஆண்டு, அயல்நாடுகள் சிலவற்றோடு சேர்த்து அவர்களுடைய லவாஷ் ரொட்டிக்கு அந்த இடம் கிடைத்தது. 2022 இல் துருக்கியோடு சேர்த்துத் தேநீருக்கும் கிடைத்தது. நவ்ரூஸ் பண்டிகைக்கு அங்கே பெண்கள் கூடியிருந்து ஷேகர்புரா என்ற இனிப்பைச் செய்கிறார்கள். மாவின் மேற்புறத்தைச் சிறு இடுக்கியால் கிள்ளிக் கிள்ளி வரி எழுப்புகிறார்கள். இதைப் பற்றிய செய்தி ஒன்றை வவுனியாவில் ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு அவர் சொன்னார்: “எங்கட நெளுக்குளத்தில இன்னும் உரலில எள்ளுப்பாகு இடிக்கிற அம்மா ஒராள் இருக்கிறா. வாரும், போய்ப் பாப்பம்.”

வவுனியா நகரத்திலிருந்து மன்னார் வீதியால் சில கிலோமீற்றர் போனால் நெளுக்குளம். அம்மாவின் வளவு உள்ளொழுங்கையில் இருந்தது. வேம்பின் கீழே உரல். பக்கத்தில் மூன்று கல் வைத்த அடுப்பு. நாங்கள் போனபோது தாச்சி அடுப்பில் ஏறிவிட்டது.

எள்ளும் உழுந்தும் வவுனியா மண்ணுக்கு நன்றாக ஒத்துப்போகும் பயிர்கள். உழுந்தை ஐப்பசி மழையோடு விதைத்துத் தையில் பிடுங்குவார்கள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தால் காய் செடியிலேயே முளைத்து அவ்வளவும் போய்விடும். எள்ளு சிறுபோகத்துக்கு மேட்டுக்காணியில் விதைப்பது. தண்ணீர் அதிகம் கேட்காது. இந்த இரண்டும் பனங்கட்டியும் சேர்ந்தால் எள்ளுப்பாகு. சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வீட்டில் இதுவும் இருக்கும். “பொம்பிளைப் பிள்ளையளின்ர இடுப்புக்கு இதுதான் பலம்” என்கிறார் அம்மா.

எள்ளை அரிக்கஞ்சட்டியில் அரித்து, ஊறவைத்து, தோல் போக்கிக் காயவைக்கும் வேலையெல்லாம் முதல்நாளே முடிந்திருந்தது. வறுக்கும்போது அம்மா தாச்சியைப் பார்த்ததைவிடக் காது கொடுத்துக் கேட்டதுதான் அதிகம். எள்ளு வெடிக்கும் சத்தம் அடர்ந்து வந்து பிறகு தணியும். தணியத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் நின்றால் கைக்கும். வறுத்து அரைத்த உழுத்தம்மா ஒரு கடகத்தில் இருந்தது. உடைத்த பனங்கட்டி சுளகில் இருந்தது.

பிறகு இடி. முதலில் எள்ளு தூளாகிறது. இடிக்க இடிக்கத் தூள் ஈரமாகிறது. பனங்கட்டி விழுந்ததும் உலக்கை ஒட்டிக்கொண்டு எழும்ப மறுக்கிறது. அம்மா உலக்கையைக் கைமாற்றிப் பிடித்து, ஓய்ந்த கையால் விளிம்பில் ஏறியதை உள்ளே தள்ளிவிடுகிறார். அந்தக் கை உலக்கைக்கு அகப்படாமல் போய் வருவதைப் பார்க்கப் பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் உரலின் உட்பக்கம் எண்ணெய் கசிந்து மினுங்கியது. உழுத்தம்மா அப்போதுதான் விழ வேண்டும். முந்திப் போட்டால் உருண்டை உதிரும். பிந்தினால் எண்ணெய் வழிந்து பிடிபடாது.

“மில்லில குடுத்தால் என்னம்மா?” என்று கேட்டேன்.

“குடுக்கலாம் தம்பி, அஞ்சு நிமிசத்தில முடிஞ்சிடும். மில் சூடாக்கும். சூடு கண்ட எள்ளு கெதியாப் பழுதாப் போயிடும். இடிச்சது கன நாளைக்கு இருக்கும்.”

உரல் பாலை மரத்தில் செய்தது. அது வந்த கதையைக் கேட்டபோதுதான் அம்மா உலக்கையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அவருடைய ஊர் புதுக்குடியிருப்புப் பக்கம். தாயின் உரலில் பழகியவர். 2009 இல் போரில் இடம்பெயர்ந்தபோது உரலை யார் தூக்குவது? உலக்கையை மட்டும் கொண்டு வெளிக்கிட்டார்கள். தறப்பாள் கட்டிய இடங்களிலெல்லாம் அந்த உலக்கைதான் நடுக்கம்பு. கடைசியாகப் போர்ப் பகுதியை விட்டு வெளியே வந்தபோது அதுவும் இல்லை. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான சனம் அடைபட்டிருந்த காலம் அது. அம்மாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் அங்கே ஒரு கூடாரத்தில் இருந்தார்கள். கணவரைப் பற்றி அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முகாமிலேயே மூத்த பிள்ளை சாமத்தியப்பட்டாள். களி கிண்ட உழுந்து இல்லை, எள்ளு இல்லை. நிவாரணப் பருப்பை அவித்துக் கொடுத்தேன் என்று சொன்னபோது மட்டும் அம்மாவின் குரல் உடைந்தது.

மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அதற்கு முன்பே இவர்கள் வெளியே வந்து, நெளுக்குளத்தில் தமக்கையின் காணியில் ஒரு மூலையில் குந்தினார்கள். ஊருக்குப் போய்த் தாயின் வளவைப் பார்த்தபோது கிணறு மட்டும் இருந்தது. இந்த உரலை அவர் கண்டது நெளுக்குளத்திலேயே ஒரு வீட்டு முற்றத்தில், பூச்சட்டி வைக்கும் பீடமாக. விலை கேட்டார். “காசு வேண்டாம், மகளின்ர கலியாணத்துக்கு எள்ளுப்பாகு இடிச்சுத் தாங்கோ” என்றார்கள் அந்த வீட்டார். அந்தக் கலியாணத்துக்கு இடித்ததுதான் இங்கே முதல் இடி. கருங்காலி உலக்கையைப் பிறகு காசு கொடுத்து வாங்கினார்.

அம்மா இடிக்கும் எள்ளுப்பாகு எங்கே போகிறது? மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து கிலோ கணக்கில் எடுத்துப் போகிறார். வெறும் பொலித்தீன் பையில் போவது, வேறெங்கோ அழகான லேபலோடு பைக்கற்றாகி, கொழும்புக்கும் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் ஊர்ப் பலகாரம் என்ற பெயரில் பறக்கிறது. அந்த லேபலில் நெளுக்குளம் இல்லை, இடித்த கையின் பெயரும் இல்லை. எள்ளும் பனங்கட்டியும் வாங்க, மோட்டார் சைக்கிளில் வருபவரே முற்பணம் தருகிறார். அதனால் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது, விலையும் பேச முடியாது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்துக்கு ஏறியது. உழுந்து, பனங்கட்டி, பொலித்தீன் எல்லாவற்றின் விலையும் ஏறியபோது ஏறாமல் நின்றது அம்மாவின் கூலிதான்.

உழுந்தின் கதையும் இதுதான். 2020 இல் உழுந்து இறக்குமதியை அரசு நிறுத்தியபோது வவுனியா விவசாயி பிழைப்பான் என்றார்கள். கடையில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டியது உண்மை. ஆனால் தையில் கடன்காரன் வாசலில் நிற்கும்போது விவசாயி வந்த விலைக்கு விற்கிறான். அதே உழுந்து களஞ்சியத்தில் கிடந்து, சில மாதத்தில் பல மடங்கு விலையோடு அம்மாவிடமே திரும்பி வருகிறது. விதைத்தவனுக்கும் மிஞ்சவில்லை, இடித்தவளுக்கும் மிஞ்சவில்லை. இடையில் நிற்பவர் வியர்வை சிந்தாமல் இரண்டு பக்கமும் எடுக்கிறார். இதை வியாபாரத் திறமை என்று மெச்ச என்னால் முடியாது. இது பறிப்பு.

வடக்கில் கள் இறக்கும் தொழிலாளருக்குப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. குறைபாடுகள் இருக்கலாம், ஆனாலும் விலை பேச ஒரு வாய் அவர்களுக்கு உண்டு. வீட்டு வளவில் தனித்தனியாக இடித்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். தையில் உழுந்தும் ஆடியில் எள்ளும் சேர்த்து வாங்கி வைக்க ஒரு களஞ்சியம், பொதி செய்ய ஓர் இயந்திரம், அவர்கள் பெயரில் ஒரு லேபல். பிரதேச செயலகமும் கூட்டுறவுத் திணைக்களமும் மனம் வைத்தால் ஒரு போகத்துக்குள் தொடங்கக்கூடிய காரியம் இது.

அதுவரை, வெளிநாட்டிலிருந்து இதை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வவுனியாவில் உங்களுக்கு உறவினர் ஒருவராவது இருப்பார். தைப்பொங்கலுக்கோ பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கோ எள்ளுப்பாகு வேண்டுமென்றால், அவரை இடிக்கிற வீட்டுக்கே அனுப்பி, பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுத்து வாங்குங்கள்.